நெஞ்சை இறுக்காமல் விலாவை விரித்தல்

கொல்கத்தாவின் கர்பார் சாலை இல்லத்தில் வளர்ந்த விஷ்ணு சரண் கோஷ், 1923-இல் அந்நகரில் ஓர் உடற்பயிற்சிக் கல்லூரியைத் தொடங்கினார். பரமஹம்ச யோகானந்தரின் தம்பியாகவே அவரைப் பலரும் அறிவர். உடற்பயிற்சியாளர்களோ, கேசவ் சென் குப்தாவுடன் இணைந்து 1930-இல் அவர் வெளியிட்ட தசைக் கட்டுப்பாட்டு நூலுக்காக அவரை நினைவுகூர்கின்றனர். ஒரு தசையை மட்டும் இறுக்கி, அண்டைத் தசைகளைத் தளர்வாக விடுவதே அக்கலை. எடை தூக்குவதைக் காட்டிலும் இது கடினம் என்பேன்.

மூச்சுப் பயிற்சியில் நாம் தவறுவதும் இங்கேதான். ‘ஆழ்ந்து மூச்சிழுங்கள்’ என்றவுடன் தோளை உயர்த்தி, நெஞ்சைக் கல்லாக்கிக்கொள்கிறோம். காறையெலும்பு, நெஞ்செலும்பு, மேல்விலாக்களின் குருத்தெலும்பு ஆகியவற்றிலிருந்து புறப்பட்டு மேற்கையெலும்பில் முடியும் பெரிய மார்புத்தசையின் முதற்பணி கையை அசைப்பது. கை ஓரிடத்தில் ஊன்றியிருந்தால்தான் அது விலாக்களை மேலே தூக்கும். ஓடிக் களைத்தவர் முழங்காலைப் பற்றிக் குனிந்து மூச்சு வாங்குவது அதனால்தான். அமைதியான மூச்சுக்கு உதரவிதானமும் விலாவிடைத் தசைகளும் போதும். அப்போது கீழ்விலாக்கள் வாளியின் கைப்பிடிபோல் பக்கவாட்டில் உயர்கின்றன.

அப்படியானால் மார்புத்தசைக்கு வேலையே இல்லையா? உண்டு, மூச்சை விடும்போது. முதுகெலும்பு வளைவால் தாமே அவதியுற்ற ஜெர்மானியப் பெண்மணி காத்தரினா ஷ்ரோத், 1921 முதல் பிறருக்குப் பயிற்சியளித்தார். உள்ளிழுக்கும் காற்றைக் குழிந்த விலாப்பக்கம் செலுத்தி விரிப்பதும், வெளிவிடும்போது தசைகளை இறுக்கி அத்திருத்தத்தைத் தக்கவைப்பதும் அவரது முறை.

நாள் முழுதும் கணினிமுன் குனிந்திருப்போர் இதன் எளிய வடிவை நாற்காலியிலேயே செய்யலாம். உள்ளங்கைகளைக் கீழ்விலாவின் இருபுறமும் வைத்து, அவை விலகும்படி மூக்கால் மெல்ல மூச்சிழுக்க வேண்டும், தோள் உயரலாகாது. பின்னர்க் கைகளை நெஞ்சுக்கு முன் கூப்பி, ஒன்றையொன்று இலேசாக அழுத்தியவாறு, ஐந்து எண்ணும்வரை மூச்சை விடுக. அப்போது மார்புத்தசை இறுகுவது தெரியும். அடுத்த மூச்சுக்கு முன் அதை முற்றிலும் தளர்த்திவிட வேண்டும். பலரும் மறப்பது இதைத்தான். ஐந்தாறு முறை போதும்.

தலை சுற்றினால் உடனே நிறுத்துக. இதயநோய், ஆஸ்துமா, எலும்புத் தேய்மானம் உள்ளோர் முதலில் மருத்துவரைக் கேட்பது நன்று. முதுகு வளைந்தவர்களுக்கு எப்பக்க விலாவை விரிக்க வேண்டும் என்பதை இயன்முறை மருத்துவரே நேரில் பார்த்துச் சொல்ல முடியும்.