பூச்சு ஏறினால் விலை ஏறுமா?

காட்டுப் பாதைக்கென்று வாங்கிய ஃபோர்வீல் வண்டியை விற்கும்போது, மேல்பூச்சுக்குக் கொட்டிய காசும் விலையில் திரும்பும் என்று உரிமையாளர் நம்புவது இயல்பு. பெரும்பாலும் அது திரும்புவதில்லை. பழைய வண்டி வாங்குபவர்களில் பலர் வங்கிக் கடனில் வாங்குகிறார்கள். வங்கியோ வண்டியின் ரகத்தையும் ஆண்டையும் சந்தை விலையையும் வைத்துத்தான் கடன் கொடுக்கிறது. மேலே பூசியது அந்தக் கணக்கில் வராது. பூச்சுக்கென்று கூடுதலாகக் கேட்கும் தொகையை வாங்குபவர் தம் கைக்காசிலிருந்துதான் எடுத்துவைக்க வேண்டும்.

பினாங்கின் பெருநிலத்தில் புக்கிட் தெங்கா, ஜூரு, புக்கிட் மெர்தாஜாம் வட்டாரம் பிக்கப் வண்டிகளுக்குப் பழகிய இடம். வாரநாளில் தொழிற்பேட்டைக்குச் சாமான் ஏற்றும் ஹைலக்ஸோ டிரைட்டனோ, வார இறுதியில் செம்பனைத் தோட்டத்துச் செம்மண் பாதையில் இறங்கிவிடும். கடும் வெயில், ஓயாத மழை, பக்கத்திலேயே கடல். இப்படிப்பட்ட வண்டிக்குப் பூச்சு தேவைதான். எந்தப் பூச்சு என்பதில்தான் விலையின் சூட்சுமம் இருக்கிறது.

தொழிற்சாலையிலிருந்து வரும் சாயம் எல்லா அடுக்கும் சேர்ந்து ஏறத்தாழ 100 முதல் 150 மைக்ரான் தடிமன் இருக்கும். அதன் மேல் பூசும் செராமிக் கோட்டிங் ஓரிரு மைக்ரான்தான். சேறு ஒட்டாமல் கழுவ உதவும், பளபளப்பைக் காக்கும். கல்லடியையும் முள்கிளையின் கீறலையும் அது தடுக்காது. விற்பனையில் அதனால் கிடைக்கும் பலன், வண்டி சற்றுச் சீக்கிரம் கைமாறுவதே.

பிபிஎஃப் எனப்படும் ஒளி ஊடுருவும் பாதுகாப்புப் படலம் வேறு ரகம். வியட்நாம் போரில் ஹெலிகாப்டர் இறக்கைகளை மணலிலிருந்தும் கல்லிலிருந்தும் காக்கப் பிறந்த உத்தி இது. இன்றைய படலம் 150 முதல் 200 மைக்ரான் கொண்ட பாலியூரித்தேன். நல்ல தரமானதில் விழும் சிறு கீறல்கள் வெயில் சூட்டிலேயே மறைந்துவிடும். விற்கும் முன் உரித்தால் அடியில் பழைய சாயம் புதிதுபோல் இருக்கும். போட்ட காசு முழுதாக வராவிட்டாலும், வண்டியின் சொந்த விலையைக் காப்பதில் இதற்கு நிகராக ஒன்றைச் சொல்வது கடினம். மஞ்சளித்த படலத்தை அப்படியே விட்டு விற்பவருக்கு இந்த லாபம் கிடையாது.

நிறம் மாற்றும் வினைல் ஸ்டிக்கரும் உரிக்கக்கூடியதுதான், காலத்தோடு உரித்தால். பானெட்டும் கூரையும் வெயிலை நேராக வாங்குவதால் அங்கேதான் வினைல் முதலில் நொறுங்கும். நாள்பட்டுப் போனால் பசை மட்டுமல்ல, மறுபூச்சு கண்ட இடத்தில் சாயமும் கூடவே பெயர்ந்து வரும். மலேசியாவில் நிறத்தை மாற்றினால் அதைச் சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜேயிடம் பதிய வேண்டும். பதிவில் வெள்ளையும் நேரில் மண்ணிறமுமாக நிற்கும் வண்டி, பெயர் மாற்றத்துக்கான பரிசோதனையில் சிக்கிக்கொள்ளலாம். ஜீப் என்றாலே இராணுவப் பச்சை என்று ஆசைப்படுகிறவர்கள் உண்டு. இந்தியாவில் 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி ஒலிவ் பச்சை பாதுகாப்புத் துறை வண்டிகளுக்கு மட்டுமே உரியது.

விலையை அதிகம் அடிவாங்கச் செய்வது சொரசொரப்பான தடித்த பூச்சு. ராப்டர், லைன்-எக்ஸ் போன்றவை பிக்கப்பின் சாமான் தொட்டிக்காக வந்தவை. தொட்டிக்குள் இருந்தால் வாங்குபவருக்கு மகிழ்ச்சியே. அதையே வண்டி முழுவதும் அடித்தால் கதை மாறுகிறது. பூச்சு பிடிப்பதற்காக முதலில் பழைய சாயத்தை உப்புத்தாளால் தேய்த்துவிடுகிறார்கள். பிறகு திரும்பிப் போக வழியில்லை. எடுக்க வேண்டுமென்றால் தகடு வரை சுரண்ட வேண்டும். அதைவிடப் பெரிய சங்கடம் சந்தேகம். பழைய வண்டி வியாபாரி சாயத்தின் தடிமனை அளக்கும் சிறு கருவியைக் கதவில் வைத்துப் பார்ப்பார். 120 காட்டினால் அசல் சாயம்; 250 காட்டினால் மறுபூச்சு; ஆயிரத்தைத் தாண்டினால் உள்ளே புட்டி வைத்து ஒடுக்கு எடுத்திருக்கிறார்கள். ராப்டர் அடித்த கதவில் எண் எப்படியும் எகிறும், அது பூச்சின் தடிமனா புட்டியா என்று கருவிக்குத் தெரியாது. தெரியாததற்கெல்லாம் வியாபாரி விலையைக் குறைத்தே கேட்பார். பூசுவதற்கு முன் ஒவ்வொரு தகட்டையும் படமெடுத்து, பட்டறை ரசீதோடு வைத்திருப்பவர் மட்டும் இதற்கு ஓரளவு பதில் சொல்ல முடியும்.

கண்ணுக்குப் படாத அடிப்பாகத்தின் கதை இன்னும் கனமானது. டகோமா, டண்ட்ரா, செகோயா வண்டிகளின் சட்டகத்துக்குத் துருத்தடுப்பு போதவில்லை என்று அமெரிக்காவில் டொயோட்டா மீது தொடுத்த வழக்கு 2016இல் சமரசத்துக்கு வந்தது. ஏறத்தாழ 1.5 மில்லியன் வண்டிகள்; மதிப்பு 3.4 பில்லியன் டாலர் வரை. சட்டகம் துருப்பிடித்தால் மேலே எத்தனை பளபளப்பு இருந்தும் பயனில்லை. சட்டகத்தின் உட்குழிவில் மெழுகு வகைத் துருத்தடுப்பைத் தெளித்து, ஆண்டுதோறும் புதுப்பித்த வண்டியில் டார்ச் அடித்தால் இரும்பின் நிலை தெரியும். கெட்டியான கறுப்பு ரப்பர் பூச்சில் அது தெரியாது. அந்தப் பூச்சில் விரிசல் விட்டால் சேற்று நீர் உள்ளே தங்கி, துரு மறைவில் வளரும். விற்பனைக்கு நிற்கும் வண்டியின் அடியில் மட்டும் கறுப்புப் பூச்சு நேற்று அடித்ததுபோல் மின்னினால், விவரம் தெரிந்த வியாபாரி ஸ்க்ரூடிரைவரின் பிடியால் சட்டகத்தைத் தட்டிக்கொண்டே போவார். கணீரென்ற ஓசை மங்கும் இடத்தில்தான் பேரத்தை ஆரம்பிப்பார்.