மலைவீதியில் கியர் மாற்றும் தருணம்



மாத்தளை நகரிலிருந்து வடகிழக்காகச் செல்லும் வீதி, இரத்தோட்டைக் கடைத்தெருவைத் தாண்டியதும் தன் இயல்பை மாற்றிக்கொள்கிறது. மிளகுக்கொடிகளுக்கும் கராம்பு மரங்களுக்கும் இடையே அதுவரை அமைதியாகச் சென்ற பாதை, நக்கிள்ஸ் மலைத்தொடரின் சரிவைப் பற்றிக்கொண்டு, தேயிலைத் தோட்டங்களினூடே வளைந்து வளைந்து றிவர்ஸ்டனை நோக்கி ஏறத் தொடங்குகிறது. மாத்தளை நகரம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 360 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. றிவர்ஸ்டனோ 1,000 மீற்றரை நன்கு கடந்த உயரம். 2010ஆம் ஆண்டில் நக்கிள்ஸ் காடு உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்க்கப்பட்டது. காற்றையும் மூடுபனியையும் நாடி வருவோரின் வண்டிகளிடையே, தாழ்ந்த உடலும் உரத்த குரலும் கொண்ட விளையாட்டுக் கார்களும் இப்பாதையில் ஏறுவதுண்டு.

வீதியோரத்தில் நின்று கண்களை மூடிக்கொண்டாலும், வருகின்ற சாரதி எத்தகையவர் என்பதைக் காதினாலேயே கண்டுகொள்ளலாம். கொழுந்து ஏற்றிய லொறியொன்று வளைவை நெருங்குகிறது. வளைவுக்குப் பத்துப் பதினைந்து பாகம் முன்னதாகவே எஞ்சினின் சுருதி ஒருபடி உயர்கிறது. பிறகு ஒரே சீராக முழங்கிக்கொண்டு அது திரும்பி ஏறிவிடுகிறது. பின்னாலே வருகின்ற அழகிய காரோ வளைவின் நடுவிலே முக்கி முனகித் தயங்குகிறது. பின் ஒரு உதறல், ஒரு பற்சக்கர அலறல், அதன்பின் ஒரு பாய்ச்சல். காரின் வலிமை லொறிக்கு இல்லை. லொறிச் சாரதியிடம் இருந்தது, எப்போது கியரை மாற்றுவது என்ற அறிவு. இன்று நாம் பேசவிருப்பது அந்த அறிவைப் பற்றித்தான்.

கியர்ப் பெட்டி என்பது வலிமையைப் படைக்கும் கருவியன்று. எஞ்சின் தரும் வலிமையை வேண்டியவாறு மாற்றித் தரும் கருவி. முதுகிலே கொழுந்துக் கூடையுடன் மேட்டில் ஏறும் தொழிலாளி குறுகிய அடிகளாக வைத்து ஏறுகிறாள். சமதரையில் அதே கூடையுடன் நீண்ட அடி வைக்கிறாள். கால்களின் பலம் ஒன்றுதான். அடியின் அளவுதான் வேறு. தாழ்ந்த கியர் குறுகிய அடி. உயர்ந்த கியர் நீண்ட அடி. எஞ்சினுக்கும் ஒரு குணமுண்டு. மெதுவாகச் சுழலும்போது அதனிடம் வலிமை குறைவு. சுழற்சி கூடக்கூட முறுக்குவிசை வளர்ந்து, ஓரிடத்தில் உச்சத்தை எட்டி, பின் தளர்கிறது. முறுக்குவிசை தளர்ந்தாலும், அதையும் சுழற்சியையும் பெருக்கினால் வருகின்ற குதிரைவலு இன்னுஞ் சிறிது உயர்ந்து, அதன் பின்னரே இறங்குகிறது. இந்த இரண்டு உச்சங்களுக்கும் இடைப்பட்ட பகுதிதான் எஞ்சினின் நல்ல நிலம். அதைவிட்டு வெளியே போகாதிருப்பதே கியர் மாற்றுவதன் நோக்கம்.

ஒரு காரை எடுத்துக்கொண்டு கணக்குப் பார்ப்போம். 1962 முதல் 1980 வரை இங்கிலாந்தில் உற்பத்தியான எம்.ஜி.பி. என்னும் விளையாட்டுக் கார், உலகெங்கும் பெயர்பெற்றது. அதன் தொடக்ககால எஞ்சின் 1,798 கன சென்ரிமீற்றர் கொள்ளளவுடையது. நிமிடத்துக்கு 5,400 சுழற்சியில் 95 குதிரைவலுவும், 3,000 சுழற்சியில் உச்ச முறுக்குவிசையும் தருவது. கியர்கள் நான்கு. எஞ்சின் 1,000 சுழற்சி சுழலும்போது முதலாங் கியரில் மணிக்கு ஏறத்தாழ 8 கிலோமீற்றரும், இரண்டாவதில் 13உம், மூன்றாவதில் 21உம், நான்காவதில் 29உம் கார் ஓடும்.

இரத்தோட்டைக்கு மேலுள்ள ஏற்றத்தில் மணிக்கு 40 கிலோமீற்றர் வேகத்திற் செல்கிறோம் எனக் கொள்வோம். நான்காங் கியரில் எஞ்சின் 1,400 சுழற்சியில் திணறும், மூன்றாவதில் 1,900, இரண்டாவதில் 3,100. உச்ச முறுக்குவிசை எங்கே இருக்கிறது என்று சொன்னோமோ, ஏறக்குறைய அங்கே இரண்டாங் கியர் நம்மைக் கொண்டுபோய் நிறுத்துகிறது. ஏற்றத்துக்குரிய கியர் இதுவே. நான்காங் கியரிலே வேகமிதியை அடிவரை அழுத்திக்கொண்டு, "எஞ்சினுக்கு ஓய்வு கொடுக்கிறேன்" என்று எண்ணுபவர் உண்டு. ஓய்வன்று அது, வதை. குறைந்த சுழற்சியில் முழுப் பாரத்தையும் இழுக்க நேரும்போது, எரிபொருட் கலவை முறைதவறி வெடித்து, தட்டுகின்ற ஓசை எழும். அந்த அடி முழுவதையும் தாங்குவன பிஸ்டன்களும் தாங்கிகளும். ஓசையைக் கேட்டவுடன் கீழ்க் கியருக்கு இறங்குவதைவிட, அந்த ஓசை எழாதபடி முன்னரே இறங்குவது நன்று.

இனி, மேலே மாற்றுவது எப்போது? சமதரையில் 2,500 சுழற்சியில் மாற்றினாற் குற்றமில்லை, பெற்றோலும் மிஞ்சும். ஏற்றத்தில் அப்படியன்று. இரண்டாங் கியரில் 4,000 சுழற்சியில் நின்று மூன்றாவதுக்கு மாற்றினால், எஞ்சின் 2,500க்கு விழுந்துவிடும். மாற்றுகின்ற அந்த ஒரு கணத்தில் ஏற்றம் நம் வேகத்தில் ஒரு பங்கைத் தின்றுவிடுவதால், உண்மையில் அதனினுங் கீழேதான் போய் விழும். கார் தளரும், மறுபடி இரண்டாவதுக்கு வரவேண்டியதாகும். 4,800 வரை பொறுத்திருந்து மாற்றினால் 3,000இற் போய் இறங்கலாம். ஆகவே மேட்டில் மேற்கியரை நாடுமுன் எஞ்சினை இன்னுஞ் சிறிது பாட விடவேண்டும். அடுத்த வளைவு கண்ணுக்குத் தெரிகிறதென்றால் மாற்றவே வேண்டாம். பிடித்த கியரிலேயே போவதுதான் நேர்வழி.

பந்தயக்காரரின் கணக்கு வேறு. நுவரெலியாவில் மஹகஸ்தொட்ட மலையேற்றப் பந்தயம் 1934ஆம் ஆண்டு தொடங்கியது. மூடப்பட்ட வீதியில் ஒருவர்பின் ஒருவராக ஏறி, நேரத்தோடு போராடும் பந்தயம் அது. அங்கே விதி இதுதான்: இருக்கின்ற கியரில் கிடைக்கும் குதிரைவலு, மாற்றியபின் கிடைக்கப்போகும் குதிரைவலுவுக்குச் சமமாகும் வரை மாற்றாதே. உச்சக் குதிரைவலுவைக் கண்டவுடன் மாற்றுவதன்று. அதைச் சற்றுத் தாண்டிய பின்னரே மாற்றுவது. எம்.ஜி.பி. போன்ற காரில் அந்தச் சமநிலை வருமுன்பே சுழற்சிமானியின் சிவப்புக் கோடு வந்துவிடுமாதலால், சிவப்புக் கோடே எல்லையாகிறது. நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் உள்ளது; காற்றின் அடர்த்தி அங்கே கடற்கரையைவிட ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைவு. காற்றை அமுக்கி ஊட்டும் கருவி இல்லாத எஞ்சின், அந்த அளவுக்கு வலிமையை இழக்கிறது. கொழும்பிலே மூன்றாங் கியரில் ஏறிய சாய்வு மலையிலே இரண்டாங் கியரைக் கேட்பதற்கு இதுவும் ஒரு காரணம். காரின்மேற் குற்றமில்லை.

கியர் மாற்றும் கையின் செயலைப் பற்றி ஒரு வார்த்தை. இலங்கைப் போக்குவரத்துச் சபை 1958ஆம் ஆண்டு ஜனவரி முதலாந் திகதி தொழிற்படத் தொடங்கிய காலத்துப் பெரும் பஸ்களிற் பலவற்றில், இரட்டைக் கிளச் மிதிக்காமற் கீழ்க் கியருக்குப் போக முடியாது. ஒருமுறை கிளச்சை மிதித்து நடுநிலைக்குக் கொணர்வது. காலை எடுத்து வேகமிதியைத் தட்டி எஞ்சினைச் சுழற்றுவது. மறுபடி கிளச்சை மிதித்துக் கீழ்க் கியரைப் போடுவது. பற்சக்கரங்களின் வேகத்தைத் தாமே இணக்கும் பொறிமுறையைக் கடிலாக் நிறுவனம் 1928இல் அறிமுகப்படுத்திய பின், இந்த வித்தை மெல்லமெல்ல மறைந்தது. எனினும் எம்.ஜி.பி.யின் முதலாங் கியருக்கு 1967 வரை அந்த வசதி கிடைக்கவில்லை. வசதியுள்ள இக்காலக் காரிலும், கீழே மாற்றும்போது வேகமிதியை ஒரு தட்டுத் தட்டி எஞ்சினின் வேகத்தை உயர்த்திவிட்டுக் கிளச்சை விடுதல் மிக நல்லது. இது அலங்காரத்துக்காகச் சொல்வதன்று. றிவர்ஸ்டனில் மழையும் மூடுபனியும் பாதையை நனைத்திருக்கும் வேளையில், வளைவின் நடுவே கீழ்க் கியரைப் போட்டுக் கிளச்சைச் சட்டென விட்டால், மெதுவாகச் சுழலும் எஞ்சின் பின்சக்கரங்களைப் பிடித்து இழுக்கிறது. பின்சக்கரங்களால் இயங்கும் இலேசான காரில் அது பின்புறத்தை மட்டும் பிறேக் போடுவதற்கு ஒப்பாகும். காரின் பின்புறம் வெளியே வீசப்படும். வெளியே இருப்பது பள்ளம். ஆதலின் வேகங்குறைப்பதும் கியர் மாற்றுவதும் வளைவுக்கு முன்னே, கார் நேராக ஓடும்போதே முடிந்துவிட வேண்டும். வளைவுக்குள் இரு கைகளுக்கும் சுக்கான் சக்கரத்தில் வேலையிருக்கிறது.

ஏற்றத்தில் தவறு செய்தவருக்கு நேர்வது பெரும்பாலும் வெட்கம். எஞ்சின் நின்றுபோகும், பின்னால் வருபவர் ஹோர்ன் அடிப்பார். இறக்கத்திலே தவறின் விலை வேறு.

இரண்டு பேருடன் 1,100 கிலோகிராம் நிறையுள்ள கார் 800 மீற்றர் உயரத்தை இறங்குகிறதென வைத்துக்கொள்ளுங்கள். ஏறும்போது பெற்றோல் எரித்துச் சேமித்த சக்தியெல்லாம் இப்போது வெளிவரவேண்டும். அந்தச் சக்தியைக் கொண்டு ஏறத்தாழ 27 லீற்றர் நீரைச் சாதாரண வெப்பநிலையிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவரலாம். இரண்டு பெரிய வாளி நீர்! காற்றும் சக்கரங்களின் உராய்வும் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். மிச்சத்தை எங்கே போடுவது? உயர்ந்த கியரிலே பிறேக்கை மிதித்தபடியே வந்தால், முன்சக்கரங்களின் இரும்புத் தட்டுகளும் பின்சக்கரங்களின் உருளைகளுமே அந்த வெப்பத்தைத் தாங்கவேண்டும். முதலில் கருகல் மணம் வரும். பிறகு மிதித்த அளவுக்குப் பிடிக்காது. பழைய பிறேக் எண்ணெய் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சியிருக்கும். அது வெப்பத்திற் கொதித்து ஆவிக் குமிழிகள் தோன்றிவிட்டால், மிதி தரைவரை போகும், வண்டி நில்லாது. நீரைப் போலன்றி ஆவி அமுங்கக்கூடியதாதலின், காலின் அழுத்தம் சக்கரத்தைச் சென்று சேர்வதில்லை.

கீழ்க் கியரில் இறங்கும்போது, அதே சக்தி எஞ்சினைச் சுழற்றுவதிலும் அதனுள் காற்றை உறிஞ்சித் தள்ளுவதிலும் செலவாகிறது. அந்த வெப்பத்தை வெளியேற்றுவதற்கென்றே எஞ்சினுக்கு றேடியேற்றரும் விசிறியும் இருக்கின்றன. பிறேக் வளைவுக்கு வளைவு சற்றே தொடப்பட்டு, இடையிடையே ஆறிக்கொள்கிறது. "எந்தக் கியரில் ஏறினாயோ அந்தக் கியரில் இறங்கு" என்று மலைநாட்டுச் சாரதிகள் சொல்வது நல்ல வழிகாட்டி. ஆனால் வலிமைமிக்க புதிய கார்களுக்கு அது போதாது. மூன்றாங் கியரில் விளையாட்டாக ஏறிவிடும் காருக்கு, இறங்க இரண்டாங் கியர் தேவைப்படலாம். பிறேக்கை அடிக்கடி தொடவேண்டியிருந்தால் கியர் உயர்ந்தது என்று கொள்க.

பெற்றோலை மிச்சப்படுத்துவதாக எண்ணி நடுநிலையில் உருண்டு வரும் வழக்கம் இன்னும் மறையவில்லை. இதைப்போல் எனக்குச் சினமூட்டுவது வேறொன்றில்லை. எரிபொருளை மின்னணு முறையில் அளந்து ஊட்டும் இக்கால எஞ்சின்களில், கியர் போட்டபடி வேகமிதியிலிருந்து காலை எடுத்தால் எரிபொருள் முற்றாகவே நிறுத்தப்படுகிறது. சக்கரங்களே எஞ்சினைச் சுழற்றுகின்றன. நடுநிலையிலோ எஞ்சின் அணையாதிருக்கத் தானாக எரிபொருளைக் குடித்துக்கொண்டேயிருக்கும். மிச்சம் என்று எண்ணியது செலவு. பழைய கார்புரேற்றர் எஞ்சினில் ஒரு கரண்டி பெற்றோல் மிஞ்சியிருக்கக்கூடும். அதற்காகப் பிறேக்கைப் பணயம் வைப்பவரோடு மாத்தளை வரை கூடப் போகவும் நான் துணியேன்.

வேகம் மிகுந்தபின் கீழ்க் கியரைத் தேடுவதும் ஆபத்தானதே. மணிக்கு 60 கிலோமீற்றரில் இறங்கும் எம்.ஜி.பி.யில் பதற்றத்தினால் முதலாங் கியர் விழுந்துவிட்டால், எஞ்சின் 7,600 சுழற்சிக்கு இழுக்கப்படும். அதன் எல்லையோ 6,000. வேகமிதியை அழுத்தி எல்லை மீறுபவரை இக்கால எஞ்சினின் கட்டுப்பாட்டுக் கருவி தடுத்துவிடும். சக்கரங்கள் எஞ்சினைத் துரத்தும்போது எந்தக் கருவியாலும் தடுக்க இயலாது. வால்வுகள் பிஸ்டனில் மோதி வளைந்தால், பழுதுபார்க்கும் செலவு காரின் விலையில் ஒரு நல்ல பங்கைக் கேட்கும். வேகம் மிஞ்சிவிட்டால் முதலில் பிறேக்கை உறுதியாக மிதித்துக் குறைக்கவேண்டும்; குறைந்தபின் ஒவ்வொரு கியராக இறங்கவேண்டும். கிளச்சை மிதித்துப் பிடித்தபடி, கியர்த்தடி எங்கேயும் இல்லாமல் வளைவுக்குள் நுழைவது எல்லாவற்றிலும் மோசமானது.

இரத்தோட்டைக்குத் திரும்புகிறவர், றிவர்ஸ்டனில் காற்று வாங்கிவிட்டுக் காரில் ஏறியவுடனேயே இரண்டாங் கியருக்கான தீர்மானத்தைச் செய்துகொள்ளலாம்: முதலாவதிற் புறப்பட்டு, சாய்வு தொடங்கும் இடத்துக்கு முன்னரே இரண்டாவதைப் போட்டு, மணிக்கு 30 கிலோமீற்றரையொட்டி எஞ்சினை 2,300 சுழற்சியளவில் வைத்துக்கொண்டால், பெரும்பாலான வளைவுகளில் பிறேக்குக்கு அதிக வேலை இராது. எதிரே பஸ்ஸொன்று ஏறிவரும். ஏறுபவருக்கு இடம்விடுவது மலைநாட்டு வழக்கம். அவர் நின்றுவிட்டால் மறுபடி புறப்படுவது கடினம், நமக்கு அது எளிது. ஓரமாக நிறுத்தி, அவர் கடந்தபின், மறுபடியும் முதலாவதிலிருந்து தொடங்கவேண்டியதுதான்.