பேட்டரியை எப்போது மாற்றுவது?

விடியற்காலையில் சரக்கெடுக்கப் புறப்படும்போது வண்டி கிளம்பாவிட்டால் அன்றைய வியாபாரமே கெட்டது. ஆகவே பேட்டரியின் ஆயுளை வணிகர்களாகிய நாம் அறிந்திருப்பது அவசியம்.

கார் பேட்டரி பொதுவாக 3 முதல் 5 ஆண்டுகள் உழைக்கும். சூட்டில் உள்ளிருக்கும் ஈயத் தகடுகள் விரைவில் அரிப்பதால், நம் பக்கத்து வெயிலுக்கு 3 ஆண்டு ஆனதுமே கவனம் தேவை.

கடையநல்லூரில் வளைகுடா சென்றவர்களின் கார்கள் மாதக்கணக்கில் நிற்பதைப் பார்க்கிறோம். ஓடாத வண்டியின் பேட்டரி தானாக இறங்கி, தகடுகளில் சல்பேட் படிந்து கெடும். வாரம் ஒருமுறை அரை மணி நேரமாவது ஓட்ட வேண்டும். இயலாதவர்கள் நெகடிவ் ஒயரைக் கழற்றி வைத்து, அவ்வப்போது சார்ஜ் ஏற்றலாம்.

இரவு முழுதும் நின்ற வண்டியில் மீட்டர் 12.6 வோல்ட் காட்டினால் முழு சார்ஜ். 12.4-க்குக் கீழிருந்தால் சார்ஜ் ஏற்ற வேண்டும். ஏற்றியும் மறுநாளே இறங்கினால், என்ஜின் ஓடும்போது அளந்து பாருங்கள். சுமார் 14 வோல்ட் வந்தால் பேட்டரியை மாற்றிவிடலாம். வராவிட்டால் கோளாறு ஆல்டர்னேட்டரில் இருக்கக்கூடும். பாராமல் மாற்றினால் பணம் வீண்.

வாங்கும்போது தயாரிப்பு மாதத்தைப் பார்த்து, வாரண்டி கார்டில் கடை முத்திரை பெறுக. பழைய பேட்டரியைக் கடையிலேயே கொடுத்து விலையில் கழித்துக்கொள்க. 2022-ஆம் ஆண்டு விதிகளின்படி அதை மற்ற குப்பையோடு சேர்க்கக் கூடாது.