பின்னே உறுதி, முன்னே வீச்சு

புதுச்சேரியை ஒட்டிய ஆரோவில்லில் ரெட் எர்த் குதிரையேற்றப் பள்ளி இருக்கிறது. அந்த வட்டாரத்துச் செம்மண்ணில் ஒரு குதிரை நடந்துபோன தடம் கிடைத்தால் அதன் முதுகைப் பற்றியே ஊகிக்கலாம். முன்குளம்பு பதிந்த இடத்திலோ அதைத் தாண்டியோ பின்குளம்பு விழுந்திருந்தால், பெரும்பாலும் அது உடம்பைத் தளர்த்தி நடந்த குதிரை. எட்டாமல் விழுந்திருந்தால் எங்கோ இறுக்கம் இருக்கலாம்.

நடை குறுகினால் பலரும் முதலில் தோளைத்தான் சந்தேகிக்கிறார்கள். நான் சப்பையைப் பார்க்கச் சொல்வேன். குதிரைக்குக் காறையெலும்பு கிடையாது. முன்னங்கால்களை உடம்போடு பிணைப்பவை தசைகளே. பின்னங்காலோ இடுப்பெலும்பு வழியாக முதுகெலும்போடு கெட்டியாகச் சேர்ந்திருக்கிறது. நிற்கும்போது எடையில் சுமார் 60 சதவீதம் முன்னங்கால்கள் மேல். முன்னே தள்ளும் விசையில் பெரும்பங்கு பின்னங்கால்களுடையது. ஊன்றிய பின்னங்கால் பக்கவாட்டில் ஆடினால், அந்த ஆட்டத்தை அடக்கக் குதிரை முதுகை விறைத்துக்கொள்ளும். முதுகு விறைத்தால் தோள் வீசாது.

லாயத்தில் ஒரு பின்னங்காலை மடக்கி ஓய்வு கொடுத்து நிற்கும் குதிரையைக் கவனியுங்கள். ஊன்றிய காலில் முட்டிச்சில்லு தொடையெலும்பின் கீழ்முனையிலுள்ள மேட்டில் கொக்கிபோல மாட்டிக்கொள்கிறது. அதனால் தசைக்கு அதிக வேலையில்லாமல் மணிக்கணக்கில் நிற்க முடிகிறது. நடக்கத் தொடைத்தசை சில்லைத் தூக்கி விடுவிக்க வேண்டும். தசை தேறாத இளங்குதிரைகளில் சில சமயம் சில்லு விடுபடாது. கால் பின்னால் நீட்டியபடி நின்று, பிறகு வெட்டி இழுத்துக்கொண்டு வரும். நிலைநிறுத்தும் பூட்டையே திறக்கவும் பலம் வேண்டியிருக்கிறது.

பின்னங்காலை உறுதியாக்கும் பயிற்சியைப் பிரெஞ்சுக் குதிரையேற்ற ஆசான் கெரினியேர் 1733-இல் வெளியிட்ட நூலிலேயே விளக்கியிருக்கிறார். சுவரோரம் போகும் குதிரையின் தோளை மட்டும் சற்று உள்ளே திருப்பி நடத்துவார்கள். உள்பக்கப் பின்னங்கால் வயிற்றுக்கடியில் வந்து ஊன்றி எடையை வாங்கும், இடுப்பு தாழும், தோளின் சுமை குறையும். இன்றும் உலகமெங்கும் இதைச் சொல்லித்தருகிறார்கள்.

மேட்டில் மெதுவாக ஏற்றி இறக்குவது, தரையில் கிடத்திய கழிகளைத் தாண்டவைப்பது, சில அடிகள் பின்னோக்கி நடத்துவது ஆகியவையும் உதவும். அவசரம் கூடாது, வேகம் தள்ளாட்டத்தை மறைத்துவிடும். நொண்டலோ வலியோ தெரிந்தால் பயிற்சிக்கு முன் கால்நடை மருத்துவர் பார்க்க வேண்டும். வாங்கப்போகிறவர்கள், உதைபடாத தூரத்தில் பின்னால் நின்று, நேர்க்கோட்டில் நடத்திக்காட்டச் சொல்லுங்கள்: இரண்டு சப்பைகளும் ஒரே அளவு ஏறி இறங்குகின்றனவா?