விறைத்துப்போகும் குழாய்

மாணவர்களே, புதிய ரப்பர் குழாயையும் வெயிலில் காய்ந்து விறைத்த பழைய குழாயையும் அழுத்திப் பாருங்கள். முதுமையில் நம் பெருந்தமனி இரண்டாவதைப் போலாகிறது. இதயத் துடிப்பால் எழும் அலை, இளைஞரின் பெருந்தமனியில் வினாடிக்குச் சுமார் 6 மீட்டர் செல்லும். முதியவரிடம் 10 மீட்டரையும் தாண்டலாம். (ஓடுவது அலை, இரத்தம் அத்தனை வேகமாக ஓடுவதில்லை.) விறைத்த குழாய் விரிந்துகொடுக்காததால் ஒவ்வொரு துடிப்பிலும் அழுத்தம் ஏறுகிறது.

வலி இராது, காய்ச்சல் இராது. என் தந்தையாருக்குப் பக்கவாதம் வந்த அன்றுதான் முதன்முதலாக இரத்த அழுத்தம் அளந்தோம்! நோய் முற்றுமுன் கண்டறியவே, 2021-இல் தமிழக அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் ஊழியர்கள் வீடு தேடிச் சென்று அளந்தனர். மேல் அளவு அடிக்கடி 140 மில்லிமீட்டர் பாதரசத்தை எட்டினால் மருத்துவரைக் காண வேண்டும். உப்பு நாளொன்றுக்கு 5 கிராமுக்குள் இருக்கட்டும். ஊறுகாயும் அப்பளமும் இக்கணக்கில் சேரும்.