மதத்தை நிந்தித்தால் மறியலா?

"சாமியைப் பழிச்சா பொலிசு புடிக்கும்கிறதெல்லாம் வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம், இப்ப செல்லாது" என்று லயத்துப் பக்கம் சிலர் சொல்லிக்கொள்கிறார்கள். இதில் பாதிதான் சரி. வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம் என்பது மெய். செல்லாது என்பதுதான் தப்பு.

இந்த மலைநாட்டில் தேயிலை போட்டது 1867ல். பதினாறு வருஷம் கழித்து, 1883ல், நமது தண்டனைச் சட்டக்கோவை வந்தது. துரைமாரின் சொந்த நாடான இங்கிலாந்தில் தெய்வ நிந்தனைக்காகக் கடைசியாகச் சிறைத் தண்டனை பெற்றவர் 1921ல் பெற்றார். 2008ல் அந்தக் குற்றத்தையே அங்கே நீக்கிவிட்டார்கள். நமக்கு விட்டுப்போனதோ இன்னும் உயிரோடு இருக்கிறது. பின்னால் சில பிரிவுகள் கூட்டியும் இருக்கிறார்கள்.

நம்ம சட்டம் கடவுளின் மானத்தைப் பார்ப்பதில்லை, மனுஷரின் மனசைத்தான் பார்க்கிறது. 290ஆம் பிரிவு வணக்கத்தலத்தைச் சேதப்படுத்துவது பற்றியது. 291அ பிரிவின்படி, இன்னொருவரின் மத உணர்வைப் புண்படுத்த வேண்டுமென்றே சொல்லாலோ சத்தத்தாலோ சைகையாலோ எதுவும் செய்தால் ஒரு வருஷம் வரை சிறை. 291ஆ பிரிவுக்கு இரண்டு வருஷம் வரை. கோயில், விகாரை, பள்ளிவாசல், தேவாலயம் எல்லாவற்றுக்கும் இது ஒன்றே. "வேண்டுமென்றே" என்ற சொல்லைக் கவனியுங்கள். எண்ணம் இல்லாவிட்டால் குற்றமும் இல்லை.

ஆனால் இப்போது ஆட்களைப் பயமுறுத்துவது 2007ல் வந்த இன்னொரு சட்டம். சிவில், அரசியல் உரிமைகளைக் காக்க என்று சொல்லி வந்தது! மதப் பகைமையைத் தூண்டினால் பத்து வருஷம் வரை சிறை என்கிறது அதன் 3ஆம் பிரிவு. 2019ல் ஹசலகவில் ஒரு பெண் போட்டிருந்த உடுப்பில் கப்பல் சுக்கான் படம் இருந்தது. அதைத் தர்மச்சக்கரம் என்று எண்ணி, இந்தச் சட்டத்தையும் காட்டிப் பிடித்தார்கள். இரண்டு கிழமைக்கு மேல் மறியலில் கிடந்தார். அதே வருஷம் சக்திக சத்குமார என்ற சிங்கள எழுத்தாளர், ஒரு சிறுகதைக்காக நான்கு மாதத்துக்கு மேல் உள்ளே இருந்தார். நீதவானால் பிணை கொடுக்க முடியவில்லை. மேல் நீதிமன்றம்தான் கொடுத்தது. 2021ல் வழக்கிலிருந்து விடுவித்தார்கள். போன நான்கு மாதத்தை யார் திருப்பித் தருவது?

ஆகவே, ஃபோனில் வரும் படங்களை, அடுத்தவர் சாமியைக் கேலி பண்ணும் பேச்சுக்களை யோசிக்காமல் மற்றவருக்கு அனுப்ப வேண்டாம் என்று பிள்ளைகளிடம் சொல்லி வையுங்கள்.

பொலிஸ் கூப்பிட்டால், எழுதிய வாக்குமூலத்தைத் தமிழில் வாசித்து விளக்கச் சொல்லுங்கள். விளங்காமல் கையெழுத்துப் போடாதீங்க. வக்கீலுக்குக் காசில்லையா? சட்ட உதவி ஆணைக்குழுவுக்குப் போங்கள். அநியாயமாகப் பிடித்தார்கள் என்றால் உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை வழக்குப் போடலாம். கையில் புத்தர் படம் பச்சை குத்தியிருந்ததற்காக 2014ல் பிடித்து நாடு கடத்தப்பட்ட ஒரு வெள்ளைக்காரப் பெண்ணுக்கு, 2017ல் அந்த நீதிமன்றம்தான் நட்டஈடு வாங்கிக் கொடுத்தது. ஒன்று மட்டும் ஞாபகம்: அந்த வழக்கை ஒரு மாதத்துக்குள் போட வேண்டும். மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு அந்த ஒரு மாதத்துக்குள்ளேயே முறைப்பாடு கொடுத்துவிட்டால், அங்கே விசாரணை நடக்கும் காலம் கணக்கில் சேராது.