தகவல் தொழில்நுட்பப் பணியும் வாழ்க்கைச் சமநிலையும்

பணி, வாழ்க்கைச் சமநிலை என்பது ஒருவர் செய்யும் வேலை அவருடைய உடல்நலம், குடும்பம், ஓய்வு, ஊர்க்கடமை ஆகியவற்றை விழுங்கிவிடாமல் அவற்றோடு இசைந்து நடப்பதைக் குறிக்கும். வேலையைத் தட்டிக்கழிப்பது என்று இதற்குப் பொருள் கொள்ளக்கூடாது. பல ஆண்டுகள் சலிப்பின்றி நல்ல வேலை செய்ய இதுவே வழி. இக்கட்டுரை காஞ்சிபுரம் வட்டாரத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டு இதனை விளக்குகிறது.

வட்டாரப் பின்னணி

சிறுசேரி, நாவலூர், கேளம்பாக்கம் முதலிய தகவல் தொழில்நுட்பப் பகுதிகள் 2019 நவம்பர் 29 அன்று செங்கல்பட்டு தனி மாவட்டமாகும் வரை காஞ்சிபுரம் மாவட்டத்திலேயே இருந்தன. மின்னணு, வாகனத் தொழிற்சாலைகள் நிறைந்த ஸ்ரீபெரும்புதூரும் ஒரகடமும் இன்றும் இம்மாவட்டத்தில் உள்ளன. ஆனால் காஞ்சிபுரம் நகரம் சென்னையிலிருந்து ஏறத்தாழ 75 கி.மீ. தொலைவில் உள்ளது. பட்டு நெசவுக் குடும்பத்தில் பிறந்து பொறியியல் படித்த ஒருவர் முன் மூன்று வழிகள் உள்ளன: நாள்தோறும் போய்வருவது, சென்னையில் அறை எடுத்துத் தங்குவது, ஊருக்கு அருகிலேயே வேலை தேடுவது.

தறியும் கணினியும்

கணினிக்கும் தறிக்கும் நெருங்கிய உறவு உண்டு. பிரான்சு நாட்டின் ழோசப் மாரி ஜக்கார்டு 1804-இல் உருவாக்கிய தறிக்கருவியில், அட்டையில் துளை உள்ள இடமும் இல்லாத இடமும் எந்தப் பாவு இழை மேலே எழ வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும். துளையட்டை என்னும் இக்கருத்தை இங்கிலாந்தின் சார்லசு பாபேஜ் தம் பகுப்பாய்வுப் பொறிக்கு எடுத்துக்கொண்டார். 1890-இல் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஹெர்மன் ஹாலரித் துளையட்டைகளைப் பயன்படுத்தினார். காஞ்சிபுரத் தறிகளின் மேல் உள்ள ஜக்கார்டு பெட்டி இந்த வரலாற்றின் வாழும் சான்று.

எனவே நெசவாளர் வீட்டுப் பிள்ளைக்குத் தொழில்நுட்பம் அன்னியமானதன்று. உடலையும் கரையையும் தனித்தனி நாடாக்களால் நெய்து இணைக்கும் கோர்வை முறையை அறிந்த ஒருவர், சேலை வடிவமைப்பு மென்பொருளையோ கூட்டுறவுச் சங்கத்துக்கான இருப்புக் கணக்கையோ மற்றவரைவிடப் பொருத்தமாகச் செய்ய முடியும். யாருக்குப் பயன்படுகிறது என்று தெரிந்து செய்யும் வேலையே பொருளுள்ள வேலை எனலாம்.

வீட்டிலிருந்து வேலை: பழைய பாடம்

2020-இல் பெருந்தொற்றின்போது வீட்டிலிருந்து வேலை செய்வது புதுமையாகப் பேசப்பட்டது. காஞ்சிபுரத்தில் அது தலைமுறைகளாக உள்ள வழக்கம். தறி வீட்டுக்குள்ளேயே இருக்கும். கணவர் நெய்ய, மனைவி தார் சுற்றுவார், முதியோரும் கைகொடுப்பார்கள். பெரும்பாலும் கூலி சேலைக்குத்தான், நேரத்துக்கு அன்று. வீட்டாரின் துணை உழைப்புக்குத் தனிக் கூலியும் இல்லை. குடும்பத்தோடு இருக்கலாம் என்பது இதன் நன்மை. வேலை எங்கே முடிகிறது, வீடு எங்கே தொடங்குகிறது என்று தெரியாமற் போவது இதன் தீமை.

மடிக்கணினிக்கும் இது பொருந்தும். நெசவாளர்கள் பல ஊர்களில் அமாவாசையன்று தறியில் உட்காருவதில்லை. அதுபோல, கணினியைத் திறக்காத நாள் என்று ஒன்றை முன்கூட்டியே வகுத்துக்கொள்ள வேண்டும்.

சட்டம் கூறுவது

1947-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என்று வேலைநேரத்தை வரையறுத்து, மிகைநேர வேலைக்கு இருமடங்கு ஊதியம் வகுத்தது. நிர்வாகப் பொறுப்பில் உள்ளோருக்கு இதில் விலக்கு உண்டு. தகவல் தொழில்நுட்பப் பணியாளர்கள் தொழிற்சங்கம் அமைக்கத் தடையில்லை என்று தமிழ்நாடு அரசு 2016-இல் தெளிவுபடுத்தியது. 2017-இல் திருத்தப்பட்ட மகப்பேறு நலச் சட்டம் முதல் இரு குழந்தைகளுக்கு 26 வார விடுப்பும், 50 பேருக்குக் குறையாத நிறுவனங்களில் குழந்தைகள் காப்பகமும் வேண்டும் என்றது. 2023 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றத்தில் நிறைவேறிய 12 மணி நேர வேலைச் சட்டமுன்வடிவு, கடும் எதிர்ப்புக்குப் பின் திரும்பப் பெறப்பட்டது. வேலைநேரம் என்பது தனிமனிதர் விருப்பம் மட்டுமன்று, பொதுக் கேள்வியும் ஆகும் என்பதை இது காட்டுகிறது.

உடல்நலம்

உலக சுகாதார நிறுவனமும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் 2021-இல் வெளியிட்ட ஆய்வின்படி, வாரம் 35 முதல் 40 மணி நேரம் உழைப்போரைவிட, 55 மணியோ அதற்கு மேலோ உழைப்போருக்குப் பக்கவாத ஆபத்து ஏறத்தாழ 35 விழுக்காடு அதிகம். இதயக் குருதிக்குறை நோயால் இறக்கும் ஆபத்து 17 விழுக்காடு அதிகம்.

ஊருக்கு அருகில் வேலை

சோகோ நிறுவனம் 2011-இல் தென்காசி அருகே மத்தளம்பாறையில் அலுவலகம் தொடங்கியது. பன்னிரண்டாம் வகுப்பும் பட்டயப் படிப்பும் முடித்தவர்களுக்கு உதவித்தொகையுடன் பயிற்சியளித்து வேலைக்கு எடுக்கும் பள்ளிகளையும் அது நடத்துகிறது. மென்பொருள் வேலைக்குப் பெருநகரம் கட்டாயமில்லை என்பதற்கு இது சான்று. எனினும் சிற்றூரில் வேலை தரும் நிறுவனங்கள் சிலவே. ஒன்றை விட்டால் மற்றொன்று கிடைப்பது எளிதன்று என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

மாணவர் போட வேண்டிய கணக்கு

சம்பளத்தை மட்டும் பார்த்தல் போதாது. எடுத்துக்காட்டாக, சென்னையில் ரூ.30,000 சம்பளம், 9 மணி வேலை, 4 மணி பயணம் என்க. மாதம் 22 நாளுக்கு 286 மணி ஆகிறது. மணிக்கு ஏறத்தாழ ரூ.105. ஊருக்கு அருகில் ரூ.24,000 சம்பளம், 9 மணி வேலை, 1 மணி பயணம் எனில் 220 மணி, மணிக்கு ரூ.109. பயணச் செலவைக் கழித்தால் வேறுபாடு இன்னும் கூடும். ஆயினும் சென்னை வேலையில் கற்பது மிகுதி எனில், சில ஆண்டுகளுக்கு அதைத் தேர்வதும் சரியே. கணக்குப் போட்டபின் தேர்வதே முக்கியம்.

வேலையில் சேருமுன் கேட்க வேண்டியவை:

• இரவு ஷிப்ட் உண்டா, எத்தனை நாளுக்கு ஒருமுறை?
• விடுமுறை நாளில் அழைப்பு வந்தால் ஈடுவிடுப்பு உண்டா?
• ஒப்பந்தக் காலம், விலகல் அறிவிப்புக் காலம் எவ்வளவு? அசல் சான்றிதழைக் கேட்கிறார்களா?
• முதல் இரண்டு ஆண்டுகளில் எதைக் கற்றுத் தருவார்கள்?

அசல் சான்றிதழை எவரிடமும் ஒப்படைக்காதீர்கள். மற்றக் கேள்விகளை நேர்காணலில் பணிவுடன் கேட்பதில் தவறில்லை. நல்ல நிறுவனம் அவற்றுக்கு விடை கூறத் தயங்காது.